பாத்திமாவின் தும்மல்

வுப்பர்டால்
12.11.2008

அன்புள்ள ஹப்சாவுக்கு,

கொறற்றி எழுதுகிறேன். உனக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். நாங்கள் சுகம். இவருக்கு மட்டும் முழங்கால் நோ. படி ஏறும்போதெல்லாம் ஜெர்மனியைத் திட்டுகிறார். புத்தளத்து வீட்டுக்கு ஓடு போட்டாயிற்றா? உன் பழைய நம்பர் வேலை செய்யவில்லை. நாளை கொழும்புக்குப் பறக்கும் கொட்வினிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கையில் கிடைத்ததும் உட்கார்ந்து வாசி.

எங்கள் மேல்வீட்டில் நஜ்லா என்றொருத்தி இருக்கிறாள். ஈராக்கில் மோசூல் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். புருஷன் பெஹ்னாம், கடையை விற்றுவிட்டு வருகிறேன் என்று சொல்லி அவளை முன்னுக்கு அனுப்பினான். போன மாதம் அங்கே கிறிஸ்தவர்களைச் சுடத் தொடங்கிவிட்டார்கள். ஓட வழியில்லாமல், கடைக்கு வந்துபோகும் வாத்தியார் அபூ யூனுஸின் வீட்டில் ஒளிந்துகொண்டான். வாத்தியார் முஸ்லிம். வருகிறவர்களிடம் அவனைப் பேச்சு வராத மச்சான் என்கிறாராம். அவனும் அவரோடு நின்று தொழுகிறான்.

வாத்தியாரின் புது மருமகன் சுடுகிறவர்களின் பக்கம். அவனுக்கும் உண்மை தெரியாது. சில நேரம் அவன்தான் போனை எடுப்பான். நஜ்லாவின் தாய்மொழி வேறு. அவள் பேசும் அரபைக் கேட்டாலே கிறிஸ்தவள் என்று தெரிந்துவிடுமாம். அதனால் நான் பேசினேன். அம்மானில் நீயும் நானும் ஒரே வீட்டில் வேலை செய்து பிடித்த அரபு இப்போது உதவுகிறது. வாத்தியாரின் அக்காவும் அம்மானில்தான். போனில் நான் அவள் வீட்டு இலங்கை வேலைக்காரி, பெயர் பாத்திமா. அந்தப் பேச்சு வராத மச்சானை மாமா என்று சொல்லி, மாமாவின் காய்ச்சல் எப்படி என்று கேட்பேன். குறைந்துவிட்டது என்றால் பெஹ்னாம் பத்திரம்.

இங்கே மாதா கோயில் ஆட்களுக்கு, டிசம்பரில் நத்தார் கூட்டத்தில் நஜ்லா எழும்பி முஸ்லிம்கள் தன்னைத் துரத்திய கதையைச் சொல்லவேண்டுமாம். அவள் மறுத்துவிட்டாள். வாத்தியாரைப் பற்றிச் சொன்னால் அவர் தலை போகும். அவரை விட்டுவிட்டுச் சொல்ல அவளுக்கு மனமில்லை. தொண்ணூறில் எருக்கலம்பிட்டியிலிருந்து முஸ்லிம்களென்று உங்களை வெறுங்கையோடு அனுப்பியவர்களும் என் ஆட்கள், தமிழர்தான். அதைச் சொல்லி நீ ஒருநாளும் என்னைக் குத்தியதில்லை.

ஹப்சா, இனித்தான் விஷயம். போன வெள்ளி மருமகன்தான் எடுத்தான். எனக்கு நல்ல தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சலாம் சொன்னேன், காய்ச்சலைக் கேட்டேன், எல்லாம் சரியாகத்தான் போனது. அப்போது தும்மல் வந்தது. தும்மியதும் வாய் தன்பாட்டில் "யேசு மரியே" என்றுவிட்டது. அம்மானிலும் அப்படித்தானே. நீ தும்மினால் அல்ஹம்துலில்லாஹ், நான் தும்மினால் யேசு மரி. வீட்டுக்கார மடம் முகத்தைச் சுளிப்பாள், நாம் குசினிக்குள் போய் அடுப்பருகில் நின்று சிரிப்போம். இவன் சிரிக்கவில்லை. நீ யார் என்று மெதுவாகக் கேட்டான். நான் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. நஜ்லா பின்னேரங்களில் இறங்கி வந்து கேட்கிறாள். காய்ச்சல் குறைந்துவிட்டது என்கிறேன். என் கையைப் பிடித்து முத்தமிடுகிறாள். படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்குக் கதவைத் திறக்கவும் பயம், திறக்காமல் இருக்கவும் பயம். இவரிடம் சொன்னேன். "இனி அந்தப் போனைத் தொடாதை. உன்ரை வாய் ஒரு ஆளைத் திண்டது போதும்" என்றார்.

நீ அங்கே போன் பண்ணு, ஹப்சா. நம்பர் பின்பக்கத்தில் இருக்கிறது. நீதான் பாத்திமா. அன்றைக்குத் தும்மியது உன்னோடு வேலை செய்யும் ஒரு கிறிஸ்தவப் பெட்டை, உன் பெயரைச் சொல்லி விளையாடினாள் என்று சொல். கொறற்றி என்று என் பெயரையே சொல். எந்த நேரமும் தடிமன் பிடித்தவள், அறிவில்லாதவள் என்று நன்றாகத் திட்டு. பிறகு மாமாவின் காய்ச்சலைக் கேள். என்ன பதில் வந்தாலும் எனக்கு மறைக்காதே.

அல்லாஹ் உன் வீட்டையும் பிள்ளைகளையும் காக்கட்டும். நான் மடுமாதாவிடமும் கேட்கிறேன், நீ கோபிக்கமாட்டாய். பேசும்போது உனக்குத் தும்மல் வந்தால் அடக்காதே.

உன் பழைய குசினிக் கூட்டாளி,
கொறற்றி