மரக்கறிப் பெட்டியின் குளிர்

கிளிநொச்சி

தன் அம்மா வீட்டில் கோபமாக இருப்பவருக்கு,

ஆய்வகக் குளிர்பெட்டி பழுதானதால், முதிராத மகரந்தத் துகளிலிருந்து செடி வளர்ப்பதற்கான நெற்கதிர்களை நம் வீட்டு பிரிட்ஜில் வைத்தேன். இறாலுக்கு இடம் போதாதென்று நீர் அவற்றில் பாதியை மேல் தட்டிலிருந்து கீழே மரக்கறிப் பெட்டிக்கு மாற்றினீர். "ஆராய்ச்சியே நாசம்!" என்று நான் கத்தினேன்.

"இறாலைத் தின்னலாம். உங்கட நெல்லை என்ன செய்யிறது?" என்று கேட்டுவிட்டு, புதுக்குடியிருப்புக்கு பஸ் ஏறினீர். கேள்வி நியாயமானது.

மூன்று மாதமாயிற்று. மேல் தட்டுக் கதிர்கள் தந்த செடிகள் எல்லாம் வழக்கம்போல வெள்ளை. பச்சையம் இல்லாததால் அவை பிழைக்கா. நீர் மாற்றியவற்றிலோ நாற்பதில் பதினேழு பச்சை!

உதவியாளர் சாரங்கா, "சேர், ஓடி வாங்கோ! பச்சை!" என்று கத்தினாள். ஊரெல்லாம் வயல் பச்சையாக இருக்க, நாங்கள் இதற்கு ஆடியதைக் காவலாளி கவலையோடு பார்த்தார்.

நான்கு வருடமாக நான் தேடிய குளிர் மரக்கறிப் பெட்டியில் இருந்திருக்கிறது. அறிக்கையில் அதைத் தெரிவு செய்தவராக உம்முடைய பெயரை எழுதியுள்ளேன். உமது கையொப்பம் தேவை. தபாலில் ஏற்கப்படாது, நேரில்தான் வர வேண்டும். கண்டிப்பான விதி. இன்று காலைதான் இயற்றினேன்.

உம்முடையவன்