ஹில்டா என்னிடம் மட்டும் சொன்னது

நவம்பர் 4, திங்கள்

எங்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் இப்போது இரண்டு பெயர்கள். உடைந்த இடுப்பெலும்பை ஒட்டவைத்த சர்ஜன் பெயர். அதன் கீழே, முதியோர் மருத்துவர் பிலிப்பா ஹார்க்ரீவ்ஸ். இருவரும் சேர்ந்தே நோயாளியைப் பார்க்க வேண்டுமாம். துடைத்துவிட்டு, பெட்பேன் வைத்து, ஓட்ஸ் கஞ்சி ஊட்டுகிற வார்டு உதவியாளர் என் பெயருக்குப் பலகையில் இடமில்லை. பிலிப்பாவுக்கும் என் வயதுதான், முப்பத்தொன்று. அவள் லண்டனில் படித்தவள். நான் பதினாறில் பள்ளியை விட்டவள்.

நவம்பர் 6, புதன்

ஆறாம் கட்டில் ஹில்டா ராப்சன், எண்பத்து நான்கு வயது. துறைமுகத்து மீன் கொட்டகையில் என் அம்மாவோடு நின்று மீன் அறுத்தவள். எனக்குத்தானே சொந்தம்? ஆனால் காலையில் கண் விழித்ததும், "எங்க டாக்டர் பொண்ணு வந்துட்டாளா? அந்த லிப்ஸ்டிக்க எடு" என்கிறாள்.

பிலிப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுகிறாள். இருபது நிமிடம். நான் ஒரு நிமிடம் உட்கார்ந்தால் வார்டுத் தலைமை நர்ஸ் சிஸ்டர் பெவ் வந்துவிடுவாள்: "என்ன கெல்சி, மகாராணிக்குக் கால் வலிக்குதோ?"

நவம்பர் 7

இன்று இருபத்தைந்து நிமிடம். கடிகாரம் பார்த்தேன். சீ.

நவம்பர் 11, திங்கள்

பல்செட் உறுத்துவதால்தான் ஹில்டா சாப்பிடவில்லை என்று பிலிப்பாவிடம் சொன்னது நான். சர்ஜன் பாராட்டியது அவளை. "கெல்சிதான் கவனிச்சாங்க" என்று அவள் சொல்லத்தான் செய்தாள். அவர் காதில் ஏறவில்லை. அவள் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. படிப்பும் பதவியும் போதாதென்று நல்லவளாகவும் இருந்து தொலைக்க வேண்டுமா?

நவம்பர் 13, புதன்

காலை மாத்திரை முடிந்து கழிப்பறைக்குக் கூட்டிப் போனேன். வாசலில் ஹில்டா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"கண்ணு இருட்டுதுடி. மாத்திர போட்டா கொஞ்ச நேரம் இப்படித்தான். வீட்லயும் இப்படித்தான் விழுந்தேன்."

"டாக்டர்ட்ட சொன்னீங்களா?"

"சொல்லிட்டு? மாடி ஏறி வாழ லாயக்கில்லன்னு முதியோர் இல்லத்துல தள்ளிருவாங்க. உன்ட்ட மட்டுந்தான் சொல்றேன். உங்கம்மா அழுத்தக்காரி, வாயத் தொறக்கமாட்டா. நீயும் அப்படித்தானே?"

பிலிப்பா படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தவள்தான். ஆனால் மதியத்தில், மாத்திரையின் வேகம் தணிந்த பிறகு. அப்போது எல்லாம் சரியாக இருந்தது.

அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 18, திங்கள்

பிலிப்பா கேட்டாள்: "கெல்சி, நீங்கதான் காலைல நடக்க வைக்கிறீங்க. ஹில்டா எப்பவாவது தள்ளாடுறாங்களா?"

"இல்ல டாக்டர்."

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவானது. ஹில்டா எனக்குக் கண்ணடித்தாள்.

நவம்பர் 21, வியாழன்

ஹில்டா விழுந்துவிட்டாள். காலை மாத்திரை போட்ட கையோடு, கழிப்பறை வாசலில். நான் மூன்றாம் கட்டிலில் ஒருவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஊன்றி நடக்கும் வாக்கரைப் பிடிக்க முடியாது. தனியாக, மாடி வீட்டில் — முடியவே முடியாது.

நவம்பர் 22

மருந்தலமாரி அருகே பிலிப்பா தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்: "விழுந்தப்ப பிரஷர் அவ்வளவு இறங்கியிருக்கு. ஒரே ஒரு மாத்திரய நிறுத்தியிருந்தாப் போதும். வீட்டுக்குப் போயிருப்பாங்க. எப்படிக் கோட்ட விட்டேன்?"

நான் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன். சொல்லு, சொல்லு — அடுத்த போர்வையை எடுத்தேன். அழுத்தமா இது? கோழைத்தனம்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஹில்டாவைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குப் போனேன். வாடகை வீட்டுச் சாவியை நகரக் கவுன்சிலிடமே திருப்பிக் கொடுத்தாகிவிட்டதாம். "இவனுங்க டீயா இது? மீன் கழுவுன தண்ணி தேவல" என்றாள். பிறகு என்னைக் கிட்டே இழுத்தாள்.

"பயப்படாத. உன்னக் காட்டிக் குடுக்கல. கண்ணு இருட்டுனது யாருக்காச்சும் தெரியுமான்னு அந்த டாக்டர் பொண்ணு ரெண்டு தடவ வந்து கேட்டுட்டா. யாருக்குமே தெரியாதுன்னுட்டேன்."

பிலிப்பா எனக்கு முன்னால் இரண்டு முறை வந்திருக்கிறாள். அந்த நேரத்திலும் அதுதான் எனக்கு முதலில் சுட்டது.

டிசம்பர் 10, செவ்வாய்

நாலாம் கட்டிலுக்குப் புதிதாக வந்த கிழவர், மாத்திரை போட்டு எழுந்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். "யார்ட்டயும் சொல்லாத கண்ணு" என்றார். நேரே பிலிப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

எழுதிக்கொண்டாள். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே கேட்டாள்: "ஹில்டாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா டாக்டர். பதிமூணாந்தேதியிலேர்ந்தே எனக்குத் தெரியும்."