என் எண்ணில் இன்னொருவர்

மார்ச் 3, திங்கள்

இன்றிலிருந்து ரத்தப் பரிசோதனை லேபில் என் மேசைக் கம்ப்யூட்டர் லினக்ஸ் என்ற புது சிஸ்டத்தில் ஓடுகிறது. பழைய நிலைமை என்னவென்றால், அது திறப்பதற்குள் வந்தவர்கள் ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். லேபை நடத்தும் டாக்டரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நேற்று கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரவழைத்தார். எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டுவிட்டு, "குதிரை மாதிரி ஓடும் மேடம்" என்று சொல்லிப் போனாராம் அவர்.

ஓடியது. பத்தரை மணி வரை. அப்புறம் குதிரை படுத்துக்கொண்டது. இன்டர்நெட் இல்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "ஊர்ல இல்ல மேடம், வர ரெண்டு வாரம் ஆகும்" என்கிறார். பின்னால் குழந்தைகள் கூச்சல், தண்ணீர்ச் சத்தம். நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் நெட் இருந்தது. பத்தரைக்குப் போனது. மதியம் தானாக வந்தது. மூன்று மணிக்கு மறுபடி போனது. கோபித்துக்கொண்ட மாப்பிள்ளைகூட இத்தனை தடவை போய் வரமாட்டான்.

மார்ச் 6, வியாழன்

இன்று ஓடினேன். நாற்பத்திரண்டு வயதில், ரப்பர் செருப்போடு, நடுத்தெருவில்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெரியவரின் ரத்தம் வந்திருந்தது. பொட்டாசியம் எக்கச்சக்கம், இதயத்துக்கே ஆபத்து. "உடனே அனுப்புங்க" என்றார் டாக்டரம்மா. ரிப்போர்ட் மெயில் என் கம்ப்யூட்டரில் மட்டும்தான். எதில் அனுப்ப? திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஃபோனில் எண்ணைச் சொன்னேன். ஃபோனில் படமெடுத்து அனுப்பினால் செல்லாதாம், லேப் மெயிலிலோ கையெழுத்துப் போட்ட தாளாகவோ ரிப்போர்ட் வந்தால்தான் மருந்தை மாற்றுவோம் என்றார்கள். அச்செடுத்த தாளை மடிக்கக்கூட நேரமில்லாமல் எடுத்துக்கொண்டு ஓடினேன். நர்ஸ் வாங்கிக்கொண்டு, "மேடம், நீங்க மொதல்ல உக்காருங்க" என்று எனக்கு நாடி பிடித்துப் பார்த்தார்.

பெரியவர் தப்பித்துவிட்டார். நான்தான் மாட்டிக்கொண்டேன். திரும்பி வந்ததும் டாக்டரம்மா சொன்னார்: "இப்படி எத்தனை நாள் ஓடுவீங்க? ரிப்போர்ட் வேலைய வெளிக் கம்பெனிக்கு குடுத்துடலாம்னு பாக்குறேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவங்க ஆள் வராரு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. ரிப்போர்ட் வேலை என்றால் வேறு யார்? நான்தானே. ஒன்பது வருடம்.

மார்ச் 7, வெள்ளி

சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்தபடியே, "சின்னவளக் கேளேன். அவளுக்கு இதுதான் தொழிலு" என்றார்.

செத்தாலும் மாட்டேன் என்றேன்.

சின்னவள் என்றால் என் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. ஏதோ கம்பெனியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் வீட்டிலிருந்தே மேய்க்கிறாள். அவளும் நானும் பேசி ஒன்றரை வருடம் ஆகிறது. காரணம் — சரி, எனக்கு நானே எழுதுவதில் என்ன வெட்கம் — காரணம் நான். மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது அவள் ஒரு நாள் வரவில்லை. வேலை என்றாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது நான், "வீட்ல உக்காந்து தட்டுறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுவிட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 8, சனி

சாகவில்லை. கேட்டுவிட்டேன்.

மதியம் மொட்டைமாடிக்குப் போய்க் கூப்பிட்டேன், இவர் காதில் விழக்கூடாதென்று. "சொல்லுங்க அக்கா" என்றாள், பேங்கில் பேசுகிறவர்கள் மாதிரி ஒரு குரலில். நான் மன்னிப்பில் ஆரம்பிக்க நினைத்திருந்தேன். வாயைத் திறந்தால் குதிரை, வட்டம், பொட்டாசியம், வெள்ளிக்கிழமை எல்லாம் ஒன்றாய்க் கொட்டியது. முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"இது சும்மா உக்காந்து தட்டுற வேலைதானேக்கா. உங்களுக்கே வந்துடுமே."

வலித்தது. வலிக்க வேண்டியதுதான்.

"நான் அன்னிக்கு சொன்னது தப்பும்மா. எல்லார் முன்னாடியும் சொன்னது ரொம்பத் தப்பு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "திங்கக்கிழமை லேபுக்குப் போனதும் கூப்பிடுங்க. ஒரு நோட்டு வெச்சுக்கோங்க" என்றாள்.

மார்ச் 10, திங்கள்

கறுப்புத் திரையில் தட்டினேன்! சினிமாவில் வரும் கம்ப்யூட்டர் திருடனைப் போல இருந்தது. சின்னவள் ஃபோனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் ஒற்றை விரலால் தட்ட, ரத்தம் எடுக்கும் டெக்னீஷியன் அக்கா ஊசியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

புரிந்த வரை எழுதிவைக்கிறேன். லேபில் எல்லாவற்றையும் இணைக்கும் வலையில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வீட்டு விலாசம் மாதிரி ஓர் எண். அந்த எண்களைப் பங்கு வைப்பது ரௌட்டர் பெட்டி. என் எண் இருபதில் முடிகிறது. 'பிங்' என்பது கதவைத் தட்டி "இருக்கீங்களா?" என்று கேட்பது. ரௌட்டரைத் தட்டினேன், இருக்கிறேன் என்றது. வெளியுலகைத் தட்டினேன், அதுவும் இருக்கிறது. பத்தரைக்கு மேல் தட்டினால் ஒரு சமயம் பதில், ஒரு சமயம் மௌனம்.

கேபிளை மாற்றச் சொன்னாள். மாற்றினேன். பிரயோஜனமில்லை. "சரி, நெட் எப்பப் போகுது, எப்ப வருதுன்னு மட்டும் எழுதுங்க. அந்த நேரத்துல லேப்ல வேற என்ன நடக்குதுன்னும் எழுதுங்க" என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

10.34 போனது. 1.10 வந்தது. 2.55 போனது.

10.30 ரத்தம் பரிசோதிக்கும் பெரிய மெஷினைப் போட்டார்கள். 1.05 சாப்பாட்டுக்காக நிறுத்தினார்கள். 2.50 மறுபடி போட்டார்கள்.

எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்தேன். மெஷின் ஓடும்போதுதான் நெட் போகிறது!

சின்னவளிடம் சொன்னதும், "அக்கா! உங்க கேபிளைப் புடுங்கிட்டு டாக்டர் ரூம் கம்ப்யூட்டர்லேர்ந்து உங்க எண்ணைத் தட்டிப் பாருங்க" என்றாள். பிடுங்கினேன். டாக்டரம்மாவின் நாற்காலியில் அனுமதி கேட்டு உட்கார்ந்து, இருபதைத் தட்டினேன்.

பதில் வந்தது! என் கம்ப்யூட்டர் வலையிலேயே இல்லை. என் எண்ணிலிருந்து யாரோ "இருக்கேன், இருக்கேன்" என்கிறார்கள். பெரிய மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி தட்டினேன். மௌனம்.

ரத்தம் பரிசோதிக்கும் அந்த மெஷினை வாங்கியபோதே அதற்கு இருபதாம் எண்ணைக் குத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். என் கம்ப்யூட்டருக்கும் முன்பு தனியாக வேறு ஓர் எண் போட்டிருந்ததால் தகராறு இல்லை. மெக்கானிக் எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாய்ப் போட்டபோது அது போய்விட்டது. காலையில் மெஷின் தூங்கும் நேரத்தில், இருபது காலியாக இருக்கிறதென்று ரௌட்டர் எனக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. பத்தரைக்கு அந்த விலாசத்தின் உண்மையான சொந்தக்காரரான மெஷின் எழுந்து வந்து என்னை வெளியே தள்ளிவிடுகிறது.

"அதான் மெஷின்லேர்ந்து என் ரூமுக்கு ரிசல்ட் விட்டு விட்டு வந்துச்சா?" என்றார் டாக்டரம்மா. அட, இதை முன்பே சொல்லியிருக்கலாமே தாயே!

மார்ச் 12, புதன்

ரௌட்டர் பங்கு வைக்காத எண்களில் ஒன்றை எனக்கென்று நிரந்தரமாகப் போட்டோம். இருநூற்றுப்பத்து. மெஷினைப் போட்டார்கள். ரௌட்டர் பதில் சொன்னது. வெளியுலகம் பதில் சொன்னது. ஆனால் ஒரு வெப்சைட்கூடத் திறக்கவில்லை! அழுகையே வந்துவிட்டது.

சின்னவள் சிரித்தாள். "எண்ணைக் கொண்டு தட்டினா போகுது, வெப்சைட் பேரைச் சொன்னா போகலியா? பேரை எண்ணா மாத்திக் குடுக்குற ஆளோட விலாசத்த இத்தனை நாள் ரௌட்டர்தான் சொல்லிக்கிட்டிருந்துச்சு. இப்ப நாமதான் சொல்லணும். டிஎன்எஸ்னு ஒரு கட்டம் காலியா இருக்கா பாருங்க."

காலியாக இருந்தது. நிரப்பினேன். இணைப்பை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

11.15. ரிப்போர்ட் மெயில் போய்ச் சேர்ந்தது. டெக்னீஷியன் அக்கா கை தட்டினார். உட்கார்ந்திருந்த நோயாளிகளும், எதற்கென்று தெரியாமலே தட்டினார்கள்.

மார்ச் 14, வெள்ளி

கம்பெனி ஆள் வந்தார். டாக்டரம்மா அவருக்குக் காபி கொடுத்து, "எங்க மேடமே சரி பண்ணிட்டாங்க, தேவைப்பட்டா சொல்றோம்" என்று அனுப்பிவைத்தார். நான் அப்போது ரொம்ப மும்முரமாக வேலை பார்ப்பதுபோல ஒரே வரியை மூன்று தடவை அடித்து அழித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் சின்னவள் கூப்பிட்டாள். கம்பெனியில் அவளை ஒரு குழுவுக்குத் தலைமையாகப் போடுகிறார்களாம். ஆனால் ஆறு மாதம் வேறு ஊரில் இருக்க வேண்டும். கொழுந்தனுக்கோ நைட் ஷிப்ட். மகள் இரண்டாம் வகுப்பு.

"இன்னும் உங்க கொழுந்தன்கிட்டகூட சொல்லலக்கா. வேணாம்னு எழுதிப் போட்டுடலாமான்னு இருக்கு."

"பாப்பா இங்க இருக்கட்டும்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. "நீ போயிட்டு வா. அது எவ்ளோ பெரிய வேலை!"

அவள், "பாப்பா ராத்திரி தூக்கத்துல உதைப்பாக்கா" என்றாள்.

ஃபோனை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்த் தையல் மெஷினைச் சுவரோரமாகத் தள்ளிப் பார்த்தேன். சின்னக் கட்டில் ஒன்று தாராளமாகப் போடலாம்.