ஒறிஜினல் வெள்ளை

2006 மார்ச் 4, சனி

மொறிஸ் மைனர் காரின் நான்கு றிம்மையும் கழற்றிக்கொண்டுபோய், லண்டன் ஸ்ட்ரெதத்தில் கணேஸ்வரனின் பெயின்ற் பட்டறையில் இறக்கினேன். இறக்கின கையோடு தொடங்கிவிட்டான். "அண்ணை, இப்ப எல்லாரும் சில்வர்தான் அடிக்கினம். கறுப்பெண்டாலும் வடிவாயிருக்கும்."

கறுப்பாம். 1960ஆம் ஆண்டுக் கரும்பச்சைக் காருக்குக் கறுப்புச் சக்கரம். விட்டால் தங்க முலாமும் பூசுவான்.

எனக்கு வேண்டியது கார் பிறந்தபோது இருந்த வெள்ளை. பால் வெள்ளை அல்ல, கிறீமும் அல்ல. வெள்ளைக்குள் ஒரு சொட்டுக் கிறீம். 1981இல் இதை வாங்கியபோது அந்த நிறம்தான் இருந்தது. இடையில் அவசரத்துக்கு நானே சில்வர் அடித்துக் கெடுத்தேன். ஜூனில் பழைய கார்ச் சங்கத்தின் கூட்டம். அதற்குள் எல்லாம் ஒறிஜினலாக இருக்கவேண்டும்.

நிறத்தைப் பற்றி எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அச்சகத்தில் இருபத்தாறு வருடம் நிறம் பார்த்தவன். நான் தலையாட்டாமல் அங்கே ஒரு தாள் மெஷினில் ஓடியதில்லை.

மார்ச் 15, புதன்

மஞ்சள்!

வெண்ணெய்க் கட்டியைத் தேய்த்து வைத்திருக்கிறான். கேட்டால், நிறத்தின் கோட் நம்பர் பார்த்துத்தான் கலந்தவனாம். நம்பர் பார்க்கத் தெரிந்தால் போதுமா? கண் வேண்டாமா? திருப்பி அடிக்கச் சொல்லிவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 16, வியாழன்

இரவு நித்திரையில்லை. மஞ்சள்.

மார்ச் 25, சனி

இரண்டாம் தரம். திரும்பவும் மஞ்சள்.

இந்தமுறை நிற அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினான். வெளியே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அட்டையும் றிம்மும் ஒன்றுபோலத்தான் இருந்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அட்டையே பழுத்துப்போய்க் கிடக்கிறதே! எத்தனை வருடம் வெயிலில் தொங்கியதோ. போன கிழமைதான் வந்த அட்டை என்று கூசாமல் சொல்கிறான்.

எனக்கு விளங்கிவிட்டது. வேறு யாருக்கோ அடித்து மிஞ்சிய பெயின்றை என் தலையில் கட்டப் பார்க்கிறான். பதினைந்து வருடப் பழக்கம். என் மகளின் கலியாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவன். அவனுக்கே என்னிடம் இப்படிச் செய்ய மனம் வருமென்றால் வேறு யாரை நம்புவது?

ஏப்ரல் 14, வெள்ளி

வருடப்பிறப்பு. காலையிலேயே மனைவி கனகாம்பிகையுடன் கொழுவல். வருடப்பிறப்பும் அதுவுமாகப் பழுப்பு வேட்டியை எடுத்து வைத்திருக்கிறாள். நேற்றுப் பெட்டி உடைத்த புது வேட்டி என்கிறாள். சரி, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். இந்த ஊரில் வெள்ளையென்று ஒன்றை வாங்க ஏலாதா?

ஆர்ச்வே முருகன் கோவிலில் கணேசலிங்கத்தைக் கண்டேன். கலியாணங்களுக்குப் பழைய கார்கள் விடுகிறவர். நான்கு கார் வைத்திருக்கிறார். அவ்வளவின் சக்கரங்களையும் கணேஸ்வரனிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார். நான் சும்மா இருப்பேனா? மிஞ்சின பெயின்றைக் கலந்து அடிக்கிறவன், கவனம் என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கேட்கட்டும். உள்ளதைச் சொல்ல எனக்கென்ன பயம்?

ஏப்ரல் 29, சனி

றிம்மை வேறொரு பட்டறைக்குக் கொடுத்துப் பார்த்தேன். வெள்ளைக்காரன், முப்பது வருட அனுபவம் என்று பலகை எழுதிப் போட்டிருக்கிறான். அவனும் மஞ்சள்தான். லண்டன் முழுக்க ஒரே வாளிக்குள்தான் தூரிகையை விடுகிறார்கள்.

பின்நேரம் கணேஸ்வரனே தொலைபேசி எடுத்தான். "நீங்களே வந்து பக்கத்தில நில்லுங்கோ அண்ணை. சரியெண்டு நீங்கள் சொல்லும்வரைக்கும் கலக்கிறன்."

மனச்சாட்சி குத்துகிறதுபோல.

மே 6, சனி

வென்றேன்.

மூன்று மணித்தியாலம் பக்கத்தில் நின்று கலப்பித்தேன். மஞ்சளை முறிக்க நீலம் விடவேண்டும், அது அச்சகப் பாடம். ஒவ்வொரு சொட்டாக விடச் சொன்னேன். ஒரு கட்டத்தில் கையை நிறுத்திவிட்டு, "அண்ணை, இது நீலம் அடிக்குது," என்றான். விடும் என்றேன். விட்டான். இன்னும் விடும் என்றேன். என் முகத்தை ஒருதரம் பார்த்தான், பிறகு விட்டான்.

கடைசியில் அந்த நிறம் வந்தது. 1981இல் கண்ட அதே வெள்ளை. அடித்துக் காய்ந்த றிம்மை வீட்டுக்குக் கொண்டுவந்து கனகாம்பிகையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உங்களுக்குப் பிடிச்சால் சரி என்றாள். பாராட்ட வாய் வராது.

ஜூன் 11, ஞாயிறு

சங்கக் கூட்டம். பரிசு இல்லை. ஆறுதல் பரிசுகூட இல்லை.

நடுவராக வந்த மனிதர் குந்தியிருந்து என் சக்கரத்தைப் பார்த்தார். "இன்ட்ரஸ்டிங்" என்றார். சுற்றி வந்து மற்றப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, இன்னொருதரம் "வெரி இன்ட்ரஸ்டிங்". பரிசு என்னவோ சில்வர் சக்கரம் போட்ட ஒரு காருக்குப் போனது. ஒறிஜினலைக் கண்ணால் கண்டாலும் தெரியாத கூட்டம். என் பெயர் சண்முகராசா என்று இல்லாமல் வேறு ஏதாவதாக இருந்திருந்தால் கிடைத்திருக்கும். வரும் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். கனகாம்பிகை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 8, சனி

கேற்றுத் தூணில் காரை உரசிவிட்டேன். எதிரே வந்தவனின் லைற் வெளிச்சம் கண்ணில் அடித்தது, அவ்வளவுதான். அதற்கு வீட்டில் ஒரு பாராளுமன்ற விவாதம். "இஞ்சேருங்கோ, ஒருக்கா உங்கட கண்ணைக் காட்டுங்கோ." என் கண்ணையா? என் கண்ணை?

ஜூலை 19, புதன்

கண்ணைக் காட்டப் போனேன், கனகாம்பிகையின் கரைச்சலுக்காக. சோதித்தது கத்தரின் என்றொரு பிள்ளை, நேற்றுத்தான் பள்ளிக்கூடம் விட்டவள் போலிருக்கிறாள். இரண்டு கண்ணிலும் புரையாம். நன்றாக முற்றிவிட்டதாம். வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்குமாம், நான் கவனித்திருக்க மாட்டேனாம்.

நான்? கவனிக்காமல்?

செப்டெம்பர் 20, புதன்

வலது கண்ணில் சத்திரசிகிச்சை. இருபது நிமிடம்தான். நோவில்லை. கண்ணை மூடிக் கட்டியிருக்கிறது. ஒற்றைக் கண்ணால் கோணல்மாணலாக எழுதுகிறேன்.

செப்டெம்பர் 21, வியாழன்

காலையில் கட்டை அவிழ்த்தேன். குளியலறைச் சுவரைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டேன். யார் எப்போது வெள்ளை அடித்தது என்று கேட்டேன். ஒருவரும் அடிக்கவில்லை. கனகாம்பிகையின் தலையில் இவ்வளவு நரையா?

வலது கண்ணைப் பொத்தி இடது கண்ணால் பார்த்தேன். சுவர் தேத்தண்ணி நிறம். திறந்தால் வெள்ளை. பொத்தினால் தேத்தண்ணி.

பிறகுதான் நினைவு வந்தது. சாரத்தோடு, செருப்பும் போடாமல் வாசலுக்கு ஓடினேன்.

நீலம். வெள்ளையே இல்லை. பிள்ளைகளின் தொட்டிலுக்கு அடிக்கிற நீலம். கரும்பச்சைக் காரில் நான்கு சக்கரமும் நீலம். இந்தக் கோலத்தில் லண்டன் முழுக்க ஓடியிருக்கிறேன். கூட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பரிசு தரவில்லையென்று வழியெல்லாம் புலம்பியிருக்கிறேன். ஒறிஜினல், ஒறிஜினல் என்று தொண்டை கிழியக் கத்திய நான்தான் அந்தத் திடலிலேயே ஒருவரும் கேள்விப்படாத நிறத்தோடு நின்றிருக்கிறேன்.

உள்ளே வந்து கனகாம்பிகையிடம் பாய்ந்தேன். ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?

"சொன்னால் கேக்கிற ஆளோ நீங்கள்?"

செப்டெம்பர் 22, வெள்ளி

அவன் சொன்னான். நீலம் அடிக்குது என்று சொன்னான். நான்தான் இன்னும் விடச் சொன்னேன்.

செப்டெம்பர் 23, சனி

பஸ்ஸில் ஸ்ட்ரெதம் போனேன். பட்டறையில் பாதி இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்தப் பாதியை வாடகைக்கு விடப்போகிறானாம். கணேசலிங்கத்தின் கார் ஒன்றும் வரவில்லை. வேறு இரண்டு பேர் கொடுத்த வேலையையும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கோவிலில் நான் சொன்னது காதில் விழுந்ததா என்று கேட்டேன்.

"அடுத்த நாளே தெரியும்."

தெரிந்துகொண்டுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். ஏன் கூப்பிட்டனீர் என்று கேட்டேன். துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நீங்கள் பொய் சொல்லுற ஆளில்லை அண்ணை. உங்களுக்கு அது மஞ்சளாத்தான் தெரியுது எண்டு விளங்கிச்சு."

அப்படியென்றால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்றேன். என் குரல் திரும்பவும் ஏறிவிட்டது. வெட்கம்.

"இருபத்தாறு வருசம் கண்ணால உழைச்ச மனுசன். உங்கட கண் பழுது எண்டு நான் எப்பிடி அண்ணை சொல்லுறது?"

எனக்கு இருக்க ஒரு ஸ்ரூல் இழுத்துப் போட்டான். இருந்தேன். தேத்தண்ணி வந்தது, குடித்தேன். கிழவனுக்கு அழுகை வந்தது, அதையும் எழுதிவைக்கிறேன்.

நான் புறப்படும்போது, மற்றக் கண்ணும் முடியட்டும், பிறகு சக்கரத்தைக் கொண்டுவாங்கோ, சும்மா அடிச்சுத் தாறன் என்றான். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒக்ரோபர் 8, ஞாயிறு

காரை ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள். நேரே கோவிலுக்குக் கொண்டுபோய், எல்லாரும் இறங்கி ஏறுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே விட்டேன். கனகாம்பிகைக்குக் கோவிலுக்குள் போக வெட்கம், காரை ஏன் இந்தக் கோலத்தில் கொண்டுவந்தது என்று. நான் பூசைக்கும் போகாமல் காரடியிலேயே நின்றேன்.

மூன்று பேர் கேட்டார்கள், இதென்ன நிறம் என்று. மூன்று பேருக்கும் உள்ளதைச் சொன்னேன்.

ஒக்ரோபர் 29, ஞாயிறு

நான்காவது ஞாயிறு. இடது கண்ணுக்கு ஜனவரியில் நாள் தந்திருக்கிறார்கள்.

இன்று கணேசலிங்கம் வந்தார். சக்கரத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணை, ஆர் உங்களுக்கு இந்த வேலை பார்த்தது என்று கேட்டார்.

"கணேஸ்வரன். அவன் வேண்டாம் எண்டவன். நான்தான் பக்கத்தில நிண்டு அடிப்பிச்சனான். சித்திரையில உம்மட்டச் சொன்னது முழுக்கப் பிழை. என்ர கண் பழுது."

சுற்றி ஆட்கள் நின்றார்கள். சத்தமாகத்தான் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். தன் கார்களில் இரண்டுக்கு வேறிடத்தில் ஏற்கனவே அடித்தாயிற்று என்றார். மிச்சம் இரண்டும் அப்படியே நிற்கின்றனவாம். கணேஸ்வரன் இன்னும் அதே இடத்தில்தானா என்று கேட்டார்.

ஓம் என்றேன். நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறும் காரை அங்கேதான் விடவேண்டும். வருடப்பிறப்பன்று பக்கத்தில் நின்று கேட்ட அந்த இரண்டு பேரும் இன்னும் கண்ணில் படவில்லை.