மறியல் வாரத்தில் வந்தவர்

வடக்கனந்தல்,
கார்த்திகை, 1987

அன்புள்ள மாமாவுக்கு,

சென்னை வங்கிக் கால்பந்து அணியில் உங்களை எடுக்காததற்கு உங்கள் ஆட்டம் காரணமில்லை. நான்தான்.

புரட்டாசியில் இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியல் வாரத்தில், முன்பே உங்கள் ஆட்டத்தைப் பார்த்திருந்த அந்த அணியின் பயிற்சியாளர் நம் தெருவுக்கு வந்தார். சாலையெங்கும் மரங்களை வெட்டிப்போட்டிருந்ததால் கள்ளக்குறிச்சியில் இரவல் வாங்கிய மொபெட்டைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். "கோல் அடிக்கிற தம்பி வூடு இதானேம்மா?" என்று கேட்டார். நீங்கள் காய்ந்த ஏரிக்குள் பந்து உதைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"அவரப் போலீஸ் புடிச்சிக்கினு போயிட்டாங்க சார்" என்றேன். ஊரில் பாதி ஆண்கள் சிறையில் இருந்த நேரம், அவர் நம்பிவிட்டார்.

"கேஸு இருந்தா பேங்க்ல வேலை தர மாட்டாங்களேம்மா" என்று வருத்தப்பட்டுத் திரும்பினார்.

தையில் நம் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள்; நீங்களோ சென்னைக்குப் போய்விடுவீர்கள். அதற்கு மேல் காரணம் எழுதக் கூசுகிறது.

இப்போதெல்லாம் கோலுக்கு எதிரே நின்றும் பந்தை அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறீர்கள். "இன்னாடா, காலு மரத்துப்போச்சா?" என்று கூட்டாளிகள் கேலி செய்கிறார்கள். "என் ஆட்டத்தப் பாத்துட்டுத்தான வேணாம்னாங்க" என்று நேற்று நீங்கள் சிரித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பார்த்துவிட்டு, வேண்டும் என்றுதான் அவர் வந்தார், மாமா. அவருக்கும் உண்மையை எழுதிவிட்டேன். கூப்பிட்டால் போய்விடுங்கள். என்னிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களுக்கு இனி யாரென்று எழுதத் தெரியாதவள்