உப்புநீர் துடித்த கதை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கோபத்தில் எழுதினாலும் எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். நாங்கள் நலம். மாநாடு நடக்கும் ஊரில் குளிர் அதிகமாமே, மப்ளர் கட்டிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னையும் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனாள். கண்ணாடித் தட்டில் நீங்கள் இருவரும் வளர்க்கும் நரம்பு செல்களையும், அடியில் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளையும் காட்டினாள். செல் பேசினால் திரையில் கோடு துள்ளுமாம். துள்ளிக்கொண்டேதான் இருந்தது. அதுதான் அவளுக்கு உறுத்தியது. "உயிருள்ளது எதுவும் இப்படிக் களைக்காம துடிக்காதுடி" என்றாள்.

செல்களே இல்லாத தட்டில் வெறும் உப்புநீர் ஊற்றி வைத்தாள். அப்போதும் கோடு துள்ளியது. வெளி மின்சாரத்தின் இரைச்சல் புகாமல் கருவியை மூடியிருக்கும் இரும்புக் கூண்டைச் சுற்றிப் பார்த்தாள். அதன் எர்த் கம்பி கழன்று தொங்கியது. மேலே சிமிட்டிக்கொண்டிருந்த டியூப்லைட்டை அணைத்தாள். கோடு படுத்துவிட்டது. செல்லின் பேச்சு என்று நீங்கள் மேடையில் காட்டப் போவது ஒரு பழுதான விளக்கை, அப்பா.

உடனே உங்களை அழைத்தாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். முதலில் சிரித்தீர்கள். பிறகு, உரையை மாற்ற நேரமில்லை, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். கை விளங்காதவர்களின் நரம்பில் பொருத்தப் போகிற கருவி இது என்று அவள் விடாமல் சொன்னாள். அப்போதுதான் அதைச் சொன்னீர்கள். "ஆறு வருஷம் வீட்ல உட்கார்ந்துட்டு வந்தவ எனக்குப் பாடம் எடுக்காதே."

அம்மா ஃபோனை வைத்துவிட்டாள்.

அந்த ஆறு வருஷம் நான்தான், அப்பா. எனக்கு அடிக்கடி மூச்சிரைக்கும் என்று வேலையை விட்டவள் அவள். விருந்தாளிகள் வந்தால், "காலேஜ் பரீட்சையில எனக்குப் பேப்பரைக் காட்டினவ இவதான்" என்று சொல்லிச் சிரிப்பீர்களே, இனி அதைச் சொல்லாதீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களே சொல்வீர்கள் என்று நம்புகிறாள். நானும் நம்பலாமா?

இன்றும் ஆய்வகத்துக்கு வந்திருக்கிறோம். இதை இங்கிருந்துதான் எழுதுகிறேன், படம் எடுத்து அனுப்புவேன். அம்மா கம்பியை முறுக்கிவிட்டு, நிஜமான செல்களை வைத்து அளக்கப் போகிறாள். அவற்றின் பேச்சு மெலிதாகக் கேட்டாலும் மேடையில் உங்களுக்குச் சொல்ல ஒன்று இருக்குமாம். இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்காகத்தான் பார்க்கிறாள்.

வெள்ளிக்கிழமை மேடையில் உண்மையைச் சொல்லுங்கள். அதற்கு முன் அம்மாவைக் கூப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மகள்

பி.கு. இன்னும் திட்ட நினைத்தேன். அளப்பதற்காக அம்மா விளக்குகளை அணைக்கிறாள்.