ஆறு சீட்டா, நாலு சீட்டா, மாமா?

என் பிரியமான மாமாவுக்கு,

நீங்கள் இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. போனில் அனுப்பியதெல்லாம் 'வந்துட்டேன்', 'கிளம்பிட்டேன்' அவ்வளவுதான். இப்போது பக்கம் பக்கமாக வருகிறது. சிரிக்கத் தோன்றினால் சிரியுங்கள், நான் கோபப்பட மாட்டேன்.

முதலில் வீட்டுச் சேதி. அக்கா வேளைக்குச் சாப்பிடுகிறாள், நான் உங்கள் ஜோகுபாளையம் வீட்டுக்குப் போய் எதிரில் உட்கார்ந்தால். நீங்கள் வேலை பார்த்த ஜக்கூர் விமானக் கொட்டகையிலிருந்து உங்கள் கேட் பாஸைத் திருப்பிக் கேட்டார்கள். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "இந்த மனுஷன் பல்லு தெரிய சிரிச்ச போட்டோ இது ஒண்ணுதான், இதையும் புடுங்கினு போவாங்களா?" என்றாள். அவர்களும் அதற்கப்புறம் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை உங்கள் நண்பர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்த கதையையே ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

நான் பைலட், நீங்கள் என் அக்காவைக் கட்டிய இன்ஜினியர். பத்து வருஷமாக நான் ஓட்டிய விமானங்களில் பாதிக்கு மேல் நீங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியவை. போன வருஷம் நம் கிரானைட் முதலாளி ஒரு சின்ன விமானம் வாங்க ஆசைப்பட்டார். இரண்டு இன்ஜின் வேண்டும், வாரத்தில் இரண்டு நாள் தன் குவாரிகளுக்குப் போக வேண்டும், மற்ற நாட்களில் வாடகைக்கு விட வேண்டும். எதை வாங்குவது என்று நம் இருவரையும் பார்த்துச் சொல்லச் சொன்னார். "இப்பரூ ஒந்தே மாது ஹேளி" என்றார், இரண்டு பேரும் ஒரே பேச்சாகச் சொல்லுங்கள் என்று. அது ஒன்றுதான் நம்மால் முடியவில்லை.

எனக்குப் பிடித்தது ஐதராபாத்தில் விற்பனைக்கு நின்ற ஆறு சீட்டு விமானம். தோல் இருக்கை, மடக்கு மேஜை, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. திருப்பதிக்கு ஒரு குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போகலாம் என்று கணக்குப் போட்டேன். உங்களுக்குப் பிடித்தது டீசல் இன்ஜின் வைத்த நாலு சீட்டு. பார்க்க ஒல்லியாக, மூக்கு நீண்டு, அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. "உன் விமானத்துக்கு வேணும்ன்ற பெட்ரோல் எத்தனை ஊர்ல கெடைக்குது? இது ஜெட்டுக்கு ஊத்தறதையே குடிக்கும். போற இடத்துல எல்லாம் கெடைக்கும்" என்றீர்கள். அதை ஒத்துக்கொண்டேன். அடுத்ததைத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்பதுதான் அது. பாதி பலம் போகும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். மேலே ஏறுகிற பலத்தில் பெரும்பகுதி போய்விடும் என்பது பைலட்டான எனக்கே தெரியும். தெரிந்தும் விளம்பரப் புத்தகத்தைக் காட்டி உங்களோடு வாதாடினேன். "அதுல போட்டிருக்கறது கடற்கரைக் கணக்கு, மச்சான். பெங்களூரு மூவாயிரம் அடி மேல இருக்குது, வெயில்ல காத்து இன்னும் லேசாயிடும். ஏப்ரல் மத்தியானம் ரெண்டு மணிக்கு, ஆறு பேரோட, ஒரு இன்ஜின்ல இது ஏறுமா? ஏறும்னு சொல்லு, கையெழுத்துப் போடறேன்." நான்கு தடவை கேட்டீர்கள். பொறுமையாகத்தான் கேட்டீர்கள்.

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உங்கள் நண்பர்களுக்குத் தெரியாது. எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். இதை ஒளித்து வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். "ஓட்டப் போறது நான் மாமா. நீங்க கீழதானே நிக்கப் போறீங்க" என்றேன். நீங்கள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "சரி மச்சான்" என்று சொல்லிவிட்டு அடுத்த விமானத்துக்குப் போய்விட்டீர்கள்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் நாம் பேசவில்லை. ஒன்பதாம் நாள் உங்களிடம் சொல்லாமல் ஐதராபாத் போனேன். அந்த ஆறு சீட்டில், அந்தத் தோல் இருக்கையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அக்காவின் போன் வந்தது. காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை என்றாள். நான் போயிருந்தது உங்களுக்குத் தெரியுமா, மாமா? அக்காவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

அடக்கம் முடிந்து இரண்டு வாரத்தில் முதலாளி கூப்பிட்டு, "இனி நீங்க சொல்றதுதான்" என்றார். எனக்கு எதிர்ப்பேச்சுப் பேச ஆளே இல்லாமல் போய்விட்டது. ஆறு சீட்டுக்கு நான் தலையாட்டினால் போதும். உண்மையைச் சொல்கிறேன், ஆட்டியே இருப்பேன். பிடிவாதம் என்பது அப்படிப்பட்ட ஜென்மம். உங்களைப் புதைத்துவிட்டு வந்த பிறகும் எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது.

அதைத் தடுத்தது சர்ச்சில் உங்களுக்காக வைத்த முப்பதாம் நாள் பூசை. கோலார் தங்க வயலிலிருந்து உங்கள் சொந்தக்காரர்கள் பங்காருப்பேட்டை ரயில் பிடித்து வந்திருந்தார்கள். கோயில் முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தோம். வாசலில் உங்கள் எடை மெஷின் அப்படியே கிடந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் கையில் இருக்கிற பையோடு அதில் ஏற்றி, காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் குறித்துக்கொள்வீர்களே. "விமானக் கம்பெனிக்காரன் கணக்குல வர்ற ஆளுங்க எல்லாம் ஒல்லி, பையும் எடுத்துனு வர மாட்டாங்க. நம்ம ஜனத்தோட கணக்கு எனக்கு வேணும்" என்பீர்கள். கசாப்புக் கடை என்று எல்லாரும் கிண்டல் பண்ணுவோம்.

அன்றைக்கு முதலில் வந்தது தங்க வயலில் சாம்பியன் ரீஃப் பக்கம் இருக்கும் உங்கள் சின்னம்மா. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு மெஷின் மேல் ஏறி நின்றார்கள். "அறுபத்தி நாலு. எழுதிக்கோ" என்றார்கள், யாரையும் பார்க்காமல். யாரும் எழுதவில்லை. அவர்களுக்குப் பின்னால் மற்றவர்களும் பையோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, மாமா. உங்கள் வீட்டுக்குள் நுழைய அதுதான் வழி என்று அவர்களுக்குப் பழக்கமாகியிருந்தது.

அக்கா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான்தான் காலண்டர் தாளைக் கிழித்து எழுத ஆரம்பித்தேன். "பை என்ன இவ்ளோ கனம், சின்னம்மா?" என்றேன். "நிப்பட்டுடா. அவன் திம்பானேன்னு சுட்டுட்டேன். சுட்டு முடிச்சப்புறம்தான் ஞாபகம் வந்திச்சு" என்றார்கள். அதையும் சேர்த்தே எழுதினேன்.

மறுநாள் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விளம்பரப் புத்தகத்தைத் தள்ளிவிட்டு, விமானத்தோடு வருகிற கனமான கையேட்டைத் திறந்தேன். சின்னம்மா, அவர்கள் மகன், மருமகள், நிப்பட்டு எல்லாவற்றையும் காகிதத்திலேயே ஆறு சீட்டில் ஏற்றினேன். பெட்ரோலை நிரப்பினால் இரண்டு பேரை இறக்க வேண்டும். ஆட்களை இறக்காவிட்டால் பெட்ரோலைப் பாதியாக்க வேண்டும். ஏப்ரல் மத்தியானத்துக்கு ஒரு இன்ஜினை நிறுத்திப் பார்த்தேன். ஏறவில்லை, மாமா. கையேட்டு வரைபடத்தில் கோட்டை எத்தனை தடவை இழுத்தாலும் கீழேதான் போகிறது. சின்னம்மா உள்ளே உட்கார்ந்திருக்க, நான் ஓட்டிக்கொண்டிருக்க, அது கீழே போகிறது.

பிறகு உங்கள் நாலு சீட்டைப் போட்டேன். என்னோடு மூன்று பேர்தான் போக முடியும். ஆனால் ஒரு இன்ஜினில் மெதுவாக, முனகிக்கொண்டே ஏறுகிறது.

ஐதராபாத் தரகருக்குப் போன் பண்ணி வேண்டாம் என்றேன். "இதுக்கு மூணு பார்ட்டி வெயிட் பண்றாங்க சார்" என்றார். "மூணு பேரையும் மெஷின்ல ஏத்திப் பார்த்துட்டுக் குடுங்க" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. முதலாளியிடம் போய் "இப்பரூ ஒந்தே மாது, சார்" என்றேன். அவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

நீங்கள் சொன்னது சரி என்று உங்களிடம் சொல்லாமல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். யாரிடம் சொன்னாலும் பாரம் இறங்கவில்லை. ஒன்பது நாளில் ஒரு நாளாவது நீங்கள் கூப்பிட்டிருக்கக் கூடாதா? கூப்பிட்டிருந்தால் நான் எடுத்திருப்பேனா?

ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன். அடுத்த மாதம் நாலு சீட்டு வந்து இறங்குகிறது. உங்கள் வேலைக்கு ஓசூர்க்காரப் பெண் ஒருத்தியை எடுத்திருக்கிறோம். சின்ன வயசு, குரல் எழும்பாது. ஒருநாள் அவள் என் ஜன்னல் பக்கம் வந்து, "இன்னிக்குப் பறக்க வேணாம் சார்" என்பாள். பின்சீட்டில் முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்குவேன். உங்கள் பேச்சைக் கேட்டு ஒரே ஒரு தடவை அப்படி இறங்கி வந்திருந்தால், அந்த ஒன்பது நாளும் நான் உங்களோடு பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

மன்னிப்புக் கேட்கப் பிந்திவிட்ட,
உங்கள் ஸ்டெல்லாவின் தம்பி, உங்கள் மச்சான்
அமல்